தாமோதரன் கிணற்றில் தண்ணீர் ஊறிய விதம்

ஏகாம்பரத்துக்கும் தாமோதரனுக்கும் எட்டு நாள்தான் வயது வித்தியாசம். ஏகாம்பரம் மூத்தவர். தாமோதரன் பிறப்பதற்கு முந்திய அந்த எட்டு நாளைத்தான் தன் புருஷன் வாழ்க்கையில் நிம்மதியாகக் கழித்தார் என்று ஏகாம்பரத்தின் மனைவி வெங்கடலட்சுமி சொல்வாள்.

நகரிக்குத் தெற்கே ஒரு மலைச்சரிவில் இருவருக்கும் நிலம். மேட்டில் ஏகாம்பரம், அதை ஒட்டிப் பள்ளத்தில் தாமோதரன், நடுவில் ஒரு வரப்பு. பொறாமைப்படுவதற்கு மேட்டு நிலம் மிகவும் வசதியானது. எல்லாம் தெளிவாகத் தெரியும். தாமோதரனின் மாடு கன்று போட்டால் ஏகாம்பரம் அதன் சுழியை எண்ணிப் பார்த்துவிட்டு வருவார். தாமோதரனுக்கு ஒரு வருஷம் டைபாய்டு கண்டு ஊரே ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்தது. ஏகாம்பரமும் போய்ப் பார்த்தார். அந்த வருஷம் தனக்கு ஒரு ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லையே என்று திரும்பி வரும்போது அவருக்கு மனசு கசந்தது.

பள்ளிக்கூடத்தில் தாமோதரனுக்குத் தெலுங்கு வந்தது, ஏகாம்பரத்துக்குக் கணக்கு வந்தது. ஆந்திர ராஜ்யம் பிறந்ததும் கணக்கு இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. தெலுங்கோ தாசில்தார் ஆபீசுக்குள் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. தாமோதரன் ஒரு மனு எழுதினால் காரியம் நடந்தது. ஏகாம்பரம் எழுதினால் மனு திரும்பி வந்தது. ஆகவே ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் முதல் கையெழுத்து ஏகாம்பரத்துடையது. அவருடைய எல்லைக் கொள்கை எளிமையானது: அவர் நிலம் மதராஸில் இருக்க வேண்டும், தாமோதரன் நிலம் ஆந்திரத்தில் இருக்க வேண்டும். வரப்பின்மேல் எல்லை போடமாட்டார்கள், கிராமம் கிராமமாகத்தான் பிரிப்பார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னபோது, போட்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டார். கடைசியில் திருத்தணி தாலுகா மதராஸ் பக்கம் போயிற்று, இவர்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. ஒரு தாலுகா முழுவதன்மேலும் ஒரே நாளில் பொறாமைப்பட்டவர் இந்த ஜில்லாவில் ஏகாம்பரம் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஆவணியில் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் மழை தவறியிருந்தது. இரண்டு கிணற்றிலும் பாறை தெரிந்தது. ஏகாம்பரம் திருமலைக்கு நடந்தே ஏறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். தாமோதரன் காணிப்பாக்கம் போய் வரசித்தி விநாயகரிடம் வேண்டிக்கொண்டு வந்தார், அதுவும் தெலுங்கில். இதைக் கேட்டதும் ஏகாம்பரத்துக்கு முதலில் ஏளனமாகத்தான் இருந்தது. காணிப்பாக்கத்து விநாயகர் கிணற்றுக்குள் தோன்றி இன்னமும் கிணற்றிலேயே இருப்பவர்.

“எந்நேரமும் தண்ணியிலியே குந்திகினு கீற சாமிக்கு வறட்சின்னா இன்னா தெரியும்?” என்றார் மனைவியிடம்.

சொல்லிவிட்டாரே தவிர அன்று சோறு இறங்கவில்லை. திருமலையில் ஆயிரம் ஊர்க் கோரிக்கை குவிந்து கிடக்கும், தன்னுடையது மேலே வர நாளாகும். காணிப்பாக்கத்தில் கூட்டம் குறைவு, மனுவும் தெலுங்கில் இருக்கிறது. தாமோதரன் வேண்டுதலுக்காகவே மழை பெய்துவிட்டால்? பெய்கிற மழை முதலில் மேட்டில் விழும். மேட்டில் விழுந்தது பள்ளத்துக்கு ஓடும். தன் தலையில் பெய்த மழை தாமோதரனுக்குப் போய்ச் சேருமா?

மறுநாள் காலையில் கூடையும் மண்வெட்டியுமாக வரப்பில் இறங்கினார். வெங்கடலட்சுமி மண் சுமந்தாள். பதினோரு நாளில் முழங்கால் உயர வரப்பு இடுப்பு உயரக் கரையாகிவிட்டது. எதற்கு என்று அவள் ஏழாம் நாள்தான் கேட்டாள்.

“நம்ம மேல பேஞ்சது நம்மகிட்டியே நிக்கட்டும். அவனுக்கு ஒரு சொட்டு போவக்கூடாது.”

அவள் அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டாள். அவ்வளவு ஊக்கத்தோடு புருஷன் வேலை செய்து அவள் அதுவரை பார்த்ததில்லை.

ஐப்பசியில் எங்கோ கடலில் கிளம்பிய ஒரு புயலின் வால் இந்தப் பக்கம் வந்து ஒரே ஒரு நாள் வீசிவிட்டுப் போயிற்று. அந்த ஒரு நாள் மழைதான் அந்த வருஷத்து மழை. கரைக்கு மேல்புறம் தண்ணீர் ஏரி மாதிரி நின்றது. கீழ்ப்புறம் தாமோதரன் நிலத்துக்கு அதன்மேல் நேராகப் பெய்ததோடு சரி. ஏகாம்பரம் கரைமேல் நின்று, கேழ்வரகுக் களியைத் தின்றுகொண்டே அந்தக் காட்சியைப் பார்த்தார் என்றும், சிரித்தார் என்றும் சொல்கிறார்கள். பன்னிரண்டு நாள் நின்ற தண்ணீர் பிறகு காணாமல் போயிற்று. வெயில் குடித்துவிட்டது என்று நினைத்தார். போனாலும் தாமோதரனிடம் போகவில்லையே என்ற திருப்தி இருந்தது. நிலம் ஈரமாக இருந்த தைரியத்தில் தை மாதம் ஒரு காணி கரும்பும் நட்டார்.

அப்போதுதான் தாமோதரன் கிணற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் செய்தி வந்தது. மழையில்லாத தை மாதத்தில், நாளுக்கு ஒரு முழமாக. நான்கு ஆள் மட்டம் நிறைந்ததும் தாமோதரனும் கரும்பு நட்டார். ஏகாம்பரம் கிணறு மேட்டின் உச்சியில் இருந்தது. அதில் முழங்கால் அளவு ஊறிய தண்ணீரும் மாசியில் வற்றிவிட்டது. தாமோதரன் காணிப்பாக்கம் போய் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, ஊர் முழுக்கத் தேங்காய்ச் சில்லு கொடுத்தார். ஏகாம்பரம் வீட்டுக்கும் வந்தது. தேங்காய் நன்றாக முற்றியிருந்தது என்பதைக்கூட அவரால் பொறுக்க முடியவில்லை.

பங்குனி பிறந்தது. கரும்புத் தோகை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே கீழே வந்தது. பதினைந்து நாளில் தண்ணீர் பாயாவிட்டால் ஒரு காணியையும் மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான்.

இந்த நேரத்தில் பிளாக் ஆபீசிலிருந்து, விவசாய யோசனை சொல்லும் கிராமசேவக் சிவசங்கரன் வந்தார். இளைஞர், அரை டிராயர், சைக்கிள். தாமோதரன் கிணற்றை எட்டிப் பார்த்தார், கரைமேல் ஏறினார், மேல்புறத்தில் கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்திடம் வந்து, “நீரு இங்கிபோயிந்தி” என்று தெலுங்கில் சொன்னார், தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று. தண்ணீரை வெயில் குடிக்கவில்லை, மண்தான் குடித்தது. அடியில் சரளை கீழ்நோக்கிச் சரிகிறது. கரையால் நின்ற தண்ணீர் அந்த வழியே தாமோதரன் கிணற்றில் போய் ஊறிவிட்டது. கரை இல்லாவிட்டால் அவ்வளவும் ஓடைக்கு ஓடியிருக்கும் என்று விளக்கினார். இவ்வளவு நல்ல கரையைப் போட்டது யார் என்றும் கேட்டார், மேலே எழுதியனுப்ப வேண்டுமாம்.

ஏகாம்பரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். தாமோதரன் கிணற்றைத் தானே நிரப்பியிருக்கிறார். பதினோரு நாள், கூலி கேட்காமல். அதைவிடக் கொடுமை, நூற்றெட்டுத் தேங்காயும் வேறொருவருக்குப் போயிருக்கிறது. நாற்பது வருஷமாக ஒரு மனிதன்மேல் பொறாமைப்பட்டு வந்தவர் அந்த நிமிஷத்தில் விநாயகர்மேலும் படத் தொடங்கினார்.

அன்று மாலை டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவே விஷயத்தைச் சொன்னார். தண்ணீர் வந்தது தன் கரையால். ஆகவே கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைப்பதில் பாதி முறை தனக்குச் சேர வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். தாமுவும் தானும் வேறில்லை, இரண்டு பேருக்கும் நல்லதாகட்டும் என்றுதான் கரையே போட்டதாக ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டார்.

தாமோதரன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சரிண்ணா. இந்தப் பேச்ச காணிப்பாக்கத்துல வந்து சொல்லு. தாமோதரன் கெணத்துல தண்ணி ஊறணும்னுதான் கரை போட்டேன்னு சத்தியம் பண்ணு. பாதி முறை உன்னுது.”

இந்தப் பக்கத்தில் கோர்ட்டில் பொய் சொல்லலாம், தாசில்தாரிடம் சொல்லலாம், பெண்டாட்டியிடம் சொல்லாமல் முடியாது. காணிப்பாக்கத்தில் மட்டும் முடியாது. குளத்தில் முழுகி ஈரத்துணியோடு அந்தச் சந்நிதியில் நின்று பொய்ச் சத்தியம் செய்தவன் பிழைத்ததில்லை என்று நம்புகிற ஊர். பாதிப் பேர் முழுகும்போதே உண்மையைக் கக்கிவிடுவார்களாம். மறுத்தால் கரும்பு போயிற்று, ஒப்புக்கொண்டால் உயிர் போயிற்று. வரேன் என்றார் ஏகாம்பரம், கரும்பை நினைத்துக்கொண்டு.

சித்தூருக்கு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். சாட்சிக்கு சிவசங்கரன், துணைக்கு வெங்கடலட்சுமி. வழியெல்லாம் ஏகாம்பரம் அந்த வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தார். ‘ஊறணும்னுதான்’ என்பதை ‘ஊறினதுதான்’ என்று மெதுவாகச் சொன்னால் சாமிக்குத் தெரியுமா? சாமி தெலுங்குக்காரர்தானே.

“அவருக்குத் தமிழும் தெரியும்,” என்றாள் வெங்கடலட்சுமி, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே. ஏகாம்பரம் வாய்விட்டு எதுவும் கேட்டிருக்கவில்லை.

குளத்தில் முழுகினார். மூன்று முழுக்கு. சந்நிதியில் வேட்டி சொட்டச் சொட்ட நின்றார். தாமோதரன் பக்கத்தில் நின்று வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தார். ஏகாம்பரம் ஆரம்பித்தார். தாமோதரன் கெணத்துல தண்ணி, என்பது வரைக்கும் வந்தது. மேலே வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார், மறுபடியும் தண்ணியில் நின்றது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அவனுக்கு ஒரு சொட்டு போவக்கூடாதுன்னுதான் சாமி போட்டேன். வயித்தெரிச்சல்ல போட்டேன். கெடுக்கணும்னே போட்டேன்.” மூச்சு வாங்கினார். “ஆனா போட்டது நான்தான். அத மட்டும் நீ எடுத்துக்காத.”

வெளியே வந்து மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். வேட்டியைப் பிழிய ஏகாம்பரத்துக்குக் கை வரவில்லை. கரும்பு போய்விட்டது, மானமும் பஸ் சார்ஜ் கொடுத்து இவ்வளவு தூரம் வந்து போயிற்று. தாமோதரன் முகம் ஜெயித்தவன் முகமாகத் தெரியவில்லை.

“நான் இன்னா வேண்டிக்கினேன் தெரியுமாண்ணா?” என்றார் தாமோதரன். “மழை வேணும்னு வேண்டல. ஏகாம்பரம் கெணத்தவிட என் கெணத்துல ஒரு சாண் ஒசரமா தண்ணி நிக்கணும்னு வேண்டிக்கினேன்.”

ஏகாம்பரம் நிமிர்ந்தார்.

“என் கெணத்தவிடவா?”

“ஆமா. உன் கெணறு போன ஆவணி வரைக்கும் ஒரு கோடையிலியும் முழுசா வத்தினதில்ல. மேட்டுல இருந்தும் வத்தல. அத பாத்துகினே இருந்தேன். ஆவணியில ரெண்டும் ஒண்ணா காஞ்சப்பதான் எனக்கு ராத்திரி தூக்கமே வந்துது.” தாமோதரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் ஒரு சாண் கேட்டேன். அவரு நாலு ஆளு மட்டம் குடுத்தாரு. நீ உள்ள பேசினத கேட்டப்புறம் பயமா கீது. உன் கரும்ப காய உட்டா குடுத்தத அவரு திருப்பி வாங்கிக்குவாருன்னு தோணுது. வாரத்துல மூணு நாள் முறை எடுத்துக்க.”

அந்த மூன்று நாள் முறை ஏகாம்பரம் காதில் விழுந்ததா என்பது சந்தேகம். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. கல்யாணத்தன்றுகூட இந்த முகத்தைப் பார்த்ததில்லை என்று வெங்கடலட்சுமி பிற்பாடு சொன்னாள்.

“எப்பலேருந்து?” என்றார்.

“இன்னா எப்பலேருந்து?”

“என்ன பாத்து உனுக்கு.”

“கெணறு வெட்டினதுலேருந்து.”

“அதுக்கு முன்னாடி?”

“மொதல்ல வேட்டிய பிழிண்ணா,” என்றார் தாமோதரன்.

திரும்பும் பஸ்ஸில் சிவசங்கரன் பாரத்தை எடுத்து மடியில் விரித்தார். கிணற்றில் நீர் உயர்ந்ததற்குக் காரணம் என்று ஒரு கட்டம், அதில் ஒரே ஒரு வரிக்கு இடம். விநாயகர் என்று எழுதுங்கள் என்றார் தாமோதரன். ஏகாம்பரம் என்று எழுதுங்கள் என்றார் ஏகாம்பரம். தன்னைக் கேட்டால் சரளை என்றுதான் எழுதுவேன் என்றார் சிவசங்கரன்.

“மூணையும் எழுதிக்கங்க சார்,” என்றாள் வெங்கடலட்சுமி. “சாமி மழை குடுத்தாரு, இவரு கரை போட்டாரு, மண்ணு குடிச்சுது. ஆனா அந்த வயித்தெரிச்சல எதுல சேப்பீங்க? மனுசன் போட்டதா, சாமி வெச்சதா, மண்ணுலியே ஊறி கெடந்ததா?”

சிவசங்கரன் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கட்டம் காலியாகவே பிளாக் ஆபீசுக்குப் போயிற்று என்று கேள்வி.

மறுநாள் தாமோதரன் கவலை ஓட்ட, கரைக்கு மேலே ஆள் வைத்து இறைத்து ஏகாம்பரம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்தது. பத்து நாளில் குருத்து பச்சை பிடித்தது. ஏகாம்பரம் மடையில் நின்று தன் கரும்பையும் பார்த்தார், பள்ளத்தில் தாமோதரன் கரும்பையும் பார்த்தார். அது ஒரு சாண் அதிகம் வளர்ந்திருந்தது. வழக்கம்போல வயிறு எரிந்தது. ஆனால் கீழேயிருந்து தாமோதரனும் நெற்றியில் கை வைத்து மேட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, தோகைகளை ஒதுக்கிவிட்டுத் தன் கரும்பு நன்றாகத் தெரியும்படி சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.