சார்லஸ் தேர்ந்தெடுத்த ரேடியோ

ஆவூர் சார்லஸுக்கு வேலை என்றால் உயிர். மோட்டார்களை ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டிகளை ஒன்றோடொன்று பேச வைப்பதுதான் அவர் பிழைப்பு. குளத்தூர்ப் பக்கம் ஒரு குடிநீர்த் திட்டத்தில் பம்ப் ஹவுஸ் ஒரு மூலை, மேல்நிலைத் தொட்டி பல மைல் தள்ளி இன்னொரு மூலை. தொட்டிப் பெட்டி “நிறுத்து” என்றால் பம்ப் ஹவுஸ் பெட்டிக்குக் கேட்க வேண்டும். அதற்கு எந்த வழி என்று முடிவு செய்யும் பொறுப்பைக் கான்ட்ராக்டர் இவர் தலையில் கட்டினார்.

கேபிள் புதைக்கலாம்; ஆனால் நம் ஊரில் ரோட்டைத் தோண்டாத நாள் உண்டா? ஜேசிபி ஒரு கை வைத்தால் போச்சு. சிம் கார்டு போடலாம். கரண்ட் போனால் டவரும் கூடவே படுத்துவிடும். மிஞ்சியது ரேடியோ. சார்லஸ் தொட்டி மேல் ஏறிப் பார்த்தார். நடுவில் இருந்த தைலமரக் காட்டை அப்போதுதான் வெட்டி மொட்டையாக்கியிருந்தார்கள். குறுக்கே ஒரு தடையும் இல்லை, சிக்னலும் அருமை. ரேடியோவே போதும் என்றுவிட்டார்.

வெட்டின தைலமரம் அடியிலிருந்து தழைத்து, நாலைந்து வருஷத்தில் மறுபடி வெட்டுக்கு வரும் என்று இந்த மாவட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது? சார்லஸுக்கும் தெரியும். தெரிந்த மனுஷனுக்கு அன்றைக்கு உறைக்கவில்லையே, அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வால்வு பார்க்கும் வெள்ளைச்சாமி அதுவரை பம்ப் ஹவுஸ் ஆளுக்குப் போன் போட்டு, பம்பை நிறுத்திவிட்டதாகப் பதில் வந்த பிறகுதான் தொட்டியடியில் இருக்கும் வால்வுக் குழிக்குள் இறங்குவார்.

“இனிமே போனெல்லாம் வேணாண்ணே. இந்தச் சுவிட்சைத் தட்டுங்க, அங்கிட்டுப் பம்ப் ஓடாது,” என்றார் சார்லஸ், தொட்டிப் பெட்டியைக் காட்டி.

“நெசமாவா தம்பி?”

“நான் சொல்றேன்ல.”

சில வருஷம் ஒரு குறையும் இல்லை. மரங்களும் வளர்ந்தன. ஒரு ஐப்பசி மழையில் இலையெல்லாம் நனைந்து நிற்க, சிக்னல் அறுந்தது. சிக்னல் இல்லாவிட்டாலும் ஊருக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது, பம்ப் நேரத்துக்குத் தானே ஓடட்டும் என்று அமைத்து வைத்ததும் சார்லஸ்தான். அன்றைக்கு வெள்ளைச்சாமி சுவிட்சைத் தட்டிவிட்டு இறங்கினார். வால்வைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிட்டது. பாவி மனுஷனால் மேலே ஏற முடியவில்லை.

போலீஸ் வந்து நின்றது. கான்ட்ராக்டர் சார்லஸைத் தனியே இழுத்தார். “சுவிட்சைப் போடாம எறங்கிட்டாருன்னு சொல்லிரு. ஒன் வேலை போகாம நான் பாத்துக்கிறேன்.”

சார்லஸ் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். “அண்ணன் சுவிட்சைப் போட்டுட்டுத்தான் எறங்கியிருக்காரு. அது அங்கிட்டுப் போய்ச் சேரல. தப்பு என்னோடது.” சொன்னதும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல்கூட இருந்தது அவருக்கு.

வெள்ளைச்சாமியின் மனைவி முத்தாள் தரையிலிருந்து எழுந்து வந்தாள்.

“போன் போட்டுட்டு எறங்கியிருந்தா அவரு இருந்திருப்பாரா தம்பி?”

“இருந்திருப்பாருக்கா.”

அவள் சார்லஸின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். விலக்க யாரும் வரவில்லை. சார்லஸும் விலகவில்லை.