மஞ்சத்தண்ணி போன வழி

நாங்க புது வூட்டுக்குக் குடி வந்த கொஞ்ச நாள்லயே பாத்ரூம்ல நாத்தம் வர ஆரம்பிச்சுச்சு. லேசுப்பட்ட நாத்தமில்ல, கொடலப் புரட்டற சாக்கடை நாத்தம்.

அந்த வூட்டக் கட்டுனது எங்க அண்ணன். பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துல எங்கப்பா விட்டுட்டுப் போன மனைய ரெண்டாப் பிரிச்சு, ஆளுக்கொரு வூடு. நானும் வூட்டுக்காரரும் அப்ப ஓசூர்ல வேலையில இருந்தோம். அவருக்கு தர்மபுரி டவுன்ல கட்டணும்னு ஆசை. நாந்தான் ஒத்தக் கால்ல நின்னு, இருந்தா எங்கண்ணன் பக்கத்துலதான் இருப்பேன்னு சாதிச்சேன். ரெண்டு வூட்டுக்கும் அண்ணனே கூட நின்னு வேலை வாங்குனாரு. எந்தப் பைப்பு எங்க போகுதுன்னு நான் கேட்டதே இல்ல. கூடப்பொறந்தவர்கிட்டப் போயி அதையெல்லாம் எவ கேப்பா?

நாத்தத்துக்கு நான் பண்ணாத வைத்தியமில்ல. பினாயில் ஊத்துனேன், அந்துருண்டை போட்டேன், தண்ணி போற ஓட்டை மேல இருக்கற ஜாலியக் கழட்டி முடியெல்லாம் வழிச்செடுத்தேன். ஜாலிக்குக் கீழ கிண்ணம் மாதிரி ஒன்னு இருக்குது. அதுல எப்பவும் தண்ணி நிக்கணும், அந்தத் தண்ணிதான் நாத்தத்தை மேல வுடாமத் தடுக்கும்னு பிளம்பர் சொன்னாரு. எங்க வூட்டுல நான் ராத்திரி ரொப்பி வெச்சா காலையில காஞ்சு கெடக்கும். பெருசா எங்கயோ தண்ணி ஓடறப்ப இதையும் இழுத்துக்குதுன்னு சொல்லி, காத்துப் போக ஒரு குழாய் வெச்சாரு. அதுக்கும் அடங்கல. டவுன்ல கட்டியிருந்தா இந்தக் கருமம் உண்டான்னு வூட்டுக்காரர் சாடை பேசாத நாளில்ல. வர்ற சொந்தபந்தமெல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டுப் போவுது. எனக்கு மானம் போச்சு.

அண்ணன் மட்டும் சலிக்காம வருவாரு. ஜாலிய எட்டிப் பாப்பாரு, பினாயில் கம்பெனிய மாத்துன்னுவாரு. பின்பக்கத்து செப்டிக் தொட்டிய மட்டும் நோண்டாத பாப்பா, அப்புறம் மொத்தமும் கெட்டுப்போகும்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுப் போவாரு. எம்மேல எவ்வளவு அக்கறைன்னு நெனச்சேன். ஒருக்கா அவங்க குடும்பத்தோட கோயமுத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப நாத்தமே இல்ல. அவங்க திரும்பி வந்ததும், சரியாப் போச்சுண்ணான்னு ஓடிப்போயி சந்தோசமாச் சொன்னேன். அண்ணன் தலைய ஆட்டுனாரு. மறுநாள் பழையபடி நாத்தம்.

கடைசியில, அண்ணன் பேச்சை மீறி, தொட்டிக்குப் போற வழியில இருக்கற சேம்பர் மூடியத் தெறக்கச் சொல்லி பிளம்பரைக் கூப்பிட்டேன். அவரு மூடியப் பேத்து வெச்சுட்டு, நாளைக்கு வர்றேன்னு போயிட்டாரு. அன்னைக்கின்னு பாத்து அண்ணன் பொண்ணு வயசுக்கு வந்துட்டா. அத்தைக்காரி நானில்லாம எப்படி? நானே மஞ்சள் அரைச்சேன். இப்ப ஓலைக் குடிசையெல்லாம் யாரு கட்டறாங்க, அவங்க பாத்ரூம்லயே மணையப் போட்டு உக்கார வெச்சு, குடம் குடமா மஞ்சத்தண்ணி ஊத்துனேன். என் கையால வளந்த புள்ளை, கண்ணு நெறைஞ்சுபோச்சு.

நனைஞ்ச சீலைய மாத்தலாம்னு எங்க வூட்டுக்குப் பின்பக்கமா வந்தேன். மூடி தெறந்து கெடந்த சேம்பர்ல மஞ்சத்தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் அரைச்ச மஞ்சள். அண்ணன் வூட்டுப் பக்கத்துச் சொவத்துக்கு அடியில இருந்து ஒரு பைப்பு வந்து, எங்க தொட்டிக்குப் போற வாயில சேந்திருந்துச்சு. அவங்க தொட்டி போர்ட்டிகோவுக்கு அடியில இருக்குதுன்னு அவருதான் எங்கிட்டச் சொல்லியிருந்தாரு. சீலைய மாத்தாமலே திரும்பிப் போனேன்.

பந்தியில நின்ன அண்ணனைப் பின்பக்கம் கூப்பிட்டுக் காட்டுனேன்.

"கோவிச்சுக்காத பாப்பா. என் மனையில குழியே தோண்டக்கூடாது, புள்ளைங்களுக்கு ஆகாதுன்னு வாஸ்து பாத்தவரு சொல்லிட்டாரு."

"எனக்கும் புள்ளைங்க இருக்குதே அண்ணா."

"நீ கட்டிக்குடுத்த பொண்ணு. உன் புள்ளைங்க வேற குடும்பம். இந்த மண்ணோட தோசம் அதுங்களுக்கு ஒட்டாது."

ஆறுதலா சொல்றதா நெனச்சுத்தான் சொன்னாரு. அதுதான் எனக்கு ஆறல. திருடிட்டு முழிச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். தெனம் வந்து ஜாலிய எட்டிப் பாத்தாரே, அந்த நடிப்பை எப்படி மறக்கறது?

புள்ளைக்கு ஆரத்தி சுத்த அத்தையக் கூப்பிட்டாங்க. அவ என்ன பாவம் பண்ணுனா? போயி சுத்திட்டு வந்தேன். அதுக்கப்புறம் அவங்களுக்கு ஒரு வாரம் தவணை சொல்லி, கொத்தனாரை வெச்சு அந்தப் பைப்பை அடைச்சுட்டேன். அண்ணன் தன்னோட மனையிலயே குழி தோண்டிக்கிட்டாரு. புள்ளைங்களுக்கு ஒன்னும் ஆகல. ஆகவும் வேண்டாம்.

இப்ப நாத்தம் சுத்தமா இல்ல. ரொப்புன தண்ணி அப்படியே நிக்குது. வூட்டுக்காரர் ஒரு வார்த்தை குத்திக் காட்டல, அதையும் என்னால தாங்க முடியல.

போன மாசம் அண்ணன் வெத்தலை பாக்குத் தட்டோட பின்பக்கமா வந்தாரு. குலசாமிக்குப் பொங்கல் வெக்கறோம், வூட்டுல பொறந்த பொண்ணு வந்துதான் பானைய அடுப்புல ஏத்தணும்னாரு. சேம்பர் மூடி மேலதான் நின்னுக்கிட்டிருந்தாரு.

"நாந்தான் வேற குடும்பமாச்சே அண்ணா"ன்னு சொல்லிட்டு, கதவச் சாத்திக்கிட்டேன்.