அஜிதா எழுதிய ஒரே செய்தி

மலையாள நாட்டின் தலைநகரில், ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்த ஞானபாயின் மகள் அஜிதாவுக்கு, அந்தக் கோடையில் ஃபெலோஷிப் கிடைத்தது. பத்திரிகைப் படிப்பு படிக்கிற பிள்ளைகளைச் சட்டசபைக்கும் செயலகத்துக்கும் அனுப்பி, மாநில அரசைப் பற்றி எழுத வைத்து, மாதச் சம்பளமும் தரும் ஒரு செய்தித்தளம். ஓட்டல் சமையல்கட்டில் வேலைபார்த்த ஞானபாய்க்கு நம்பிக்கை வரவில்லை.

"படிக்கப் போற பிள்ளைக்குச் சம்பளமும் தருவாவளா?"

"தருவாங்கம்மா. அதனாலதான் எனக்கெல்லாம் போக முடியுது."

ஒருநாள் சபையில் ஒரு அமைச்சர், அரசுக் கட்டிடம் கட்டும் இடங்களிலெல்லாம் தொழிலாளர்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் இருக்கின்றன என்று பதில் சொன்னார். மேலே பத்திரிகையாளர் மாடத்தில் இருந்த அஜிதாவுக்கு அது பொய் என்று தெரியும். அம்மாவின் ஓட்டலில் சாப்பிட வரும் கொத்தனார்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமையே நகரத்துக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த ஒரு அரசுக் கட்டிடத்துக்குப் போனாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கட்டிட வேலைக்கு வந்த வன்னியராஜும் மனைவி பேச்சியும் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். தண்ணீர் சுமப்பதையும், விடியுமுன் புதருக்குப் போவதையும் பேச்சி சொன்னாள்.

செய்தித்தளத்தின் ஆசிரியர் ரெஜி அவள் எழுதியதைப் படித்துவிட்டுச் சொன்னார். "பேரும் போட்டோவும் வேணும், அஜிதா. இல்லன்னா துறை ஒரு வரியில மறுத்திரும்."

திரும்பப் போய்க் கேட்டாள். பேச்சி வேண்டாமென்று தலையாட்டினாள். வன்னியராஜ்தான், "உள்ளதத்தான சொல்லுதோம். போட்டுக்கோ பிள்ள" என்றார்.

செய்தி வந்தது. எதிர்க்கட்சி அதைச் சபையில் எழுப்பியது. அந்த வாரமே கொட்டகைக்குக் குழாய் வந்தது, கழிப்பறையும் வந்தது. அதிகாரிகள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் கான்ட்ராக்டர் வன்னியராஜையும் பேச்சியையும் வெளியே அனுப்பினார். வேறு யாரும் அவர்களை வேலைக்கு எடுக்கவில்லை. அவர்கள் படம் எல்லா மேஸ்திரிகளின் போனிலும் இருந்தது.

அஜிதா ரெஜியிடம் ஓடினாள். "இதையும் எழுதணும், சார்."

"அது கான்ட்ராக்டருக்கும் ஆளுக்கும் உள்ள தகராறல்லே? நாம எழுதுற பீட் கவர்ன்மென்ட் மட்டும். பின்னே, உன் ஃபெலோஷிப்பும் இந்த வாரம் தீருது."

துறை அலுவலகத்துக்குப் போனாள். கான்ட்ராக்டரிடம் கேட்கச் சொன்னார்கள். கான்ட்ராக்டரின் காவலாளி கேட்டைத் திறக்கவே இல்லை.

ஊருக்குத் திரும்பக் கிளம்பிய வன்னியராஜையும் பேச்சியையும் தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் வருமுன் பிடித்தாள்.

"கக்கூஸ் வந்துட்டுல்லா, இருக்கவங்களாவது நல்லா இருக்கட்டும்" என்றார் வன்னியராஜ்.

பேச்சி அவளைப் பார்க்காமலே கேட்டாள். "ஊருல இத்தன பேர் இருக்க, எங்க பேருதான் கெடச்சுதா ஒனக்கு?"

ரயில் வந்ததும் அஜிதா அவர்களுடைய மூட்டையை எடுத்து உள்ளே கொடுத்தாள்.

ஃபெலோஷிப் நிறைவு விழாவில் அந்தச் செய்திக்கே சிறந்த செய்தி என்று விருது கொடுத்தார்கள். ஞானபாய் இஸ்திரி போட்ட சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அஜிதா மேடையில் நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். வாசலில் அம்மா, "ஏன் மக்கா முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

அடுத்த ஆண்டு புதிய விண்ணப்பங்களுக்கு விளம்பரம் செய்ய, அனுபவத்தைச் சில வரிகளில் எழுதித் தரும்படி ரெஜி கேட்டார். நடந்ததை முழுவதும் எழுதினாள். முதல் வரி மட்டும் அவள் படத்தோடு வந்தது: 'என் செய்தியால் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் கிடைத்தது.'

போன் செய்தாள். "ஸ்பேஸ் இல்லாம போச்சு, அஜிதா" என்றார் ரெஜி. "எழுதினது பொய் ஒண்ணும் இல்லல்லோ."

பொய் இல்லைதான். படிப்பு முடிந்ததும் எந்தப் பத்திரிகைக்கும் அவள் விண்ணப்பிக்கவில்லை. இப்போது ஒரு டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்கிறாள்.