மகளுக்கு மூன்று கடற்கரைகள்

எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று யார் வந்து கேட்டாலும் வேன்காரம்மா முதலில் அவர்களுடைய காலைத்தான் பார்ப்பாள். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வருஷமெல்லாம் ஷூவுக்குள் அடைந்து கிடந்து வெளுத்துப்போன கால் என்றால் தெற்கே தென்னந்தோப்புக் கரை. அங்கே மணல் மாவு மாதிரி இருக்கும். நடந்து பழகி உரமேறிய கால் என்றால் நூற்றுப் பன்னிரண்டு படி இறங்க வேண்டிய பாறைக்கரை. சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் வடக்கு வளைவு. அங்கே கடல் குளம் போலச் சமர்த்தாக நிற்கும். புதிதாகக் கல்யாணமானவர்களுக்குக் கால் பார்க்கும் வேலையே இல்லை. எங்கே கொண்டுபோய் விட்டாலும் அவர்கள் கடலைப் பார்க்கப் போவதில்லை.

தீவைச் சுற்றி மொத்தம் பத்தொன்பது கடற்கரைகள். எதில் எந்த மாதம் அலை புரட்டும், எதில் மத்தியானக் காற்று மணலை வாரிக் கண்ணில் அடிக்கும், எந்தக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. காலையில் பெட்ரோல் பங்க் கொடி எந்தப் பக்கம் படபடக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பாள். அதிலேயே அன்றைக்குக் கிழக்கா மேற்கா என்பது முடிவாகிவிடும்.

ஆனால் அந்தப் பத்தொன்பதில் ஒன்றில்கூட அவள் கால் நனைத்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

வேன் அவள் புருஷன் வாங்கியது. பெண் குழந்தைக்கு நாலு வயதாக இருக்கும்போது காய்ச்சல் என்று படுத்தவர், பதினோராம் நாள் போய்விட்டார். வாசலில் நின்ற வண்டியை விற்றுவிடச் சொல்லி ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். அவள் விற்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் விடியற்காலையில் ஓட்டிப் பழகி, இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை லைசென்ஸ் வாங்கினாள். அவள் ரிவர்ஸ் எடுக்கிறாள் என்றால் ஸ்டாண்டில் இருக்கிற ஆண்கள் எல்லாம் டீ கிளாஸோடு எழுந்து தள்ளி நிற்பார்கள். வேண்டுமென்றே செய்கிற கேலி அது. அவளும் வேண்டுமென்றே அவர்கள் பக்கமாகவே ரிவர்ஸ் எடுப்பாள்.

முதல் வருஷம் ஒரு விபரீதம் நடந்தது. பயணிகள் கடலில் இருந்த நேரத்தில், பத்தே நிமிஷம், டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தால் வேன் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட் முதற்கொண்டு எல்லாம் போயிருந்தது. டூர் ஆபீஸ்காரர்கள் இரண்டு மாதம் அவளுக்கு ஆள் அனுப்பவில்லை. தாயும் மகளும் கஞ்சி குடித்துக் காலம் தள்ளினார்கள். அன்றைக்கு எடுத்த முடிவுதான். பயணிகள் இறங்கிப் போனால், திரும்பி வரும்வரை வண்டியை விட்டு நகர மாட்டாள். வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு மர நிழல், துவைத்து மடித்த துண்டுகள், வருகிறவர்கள் காலில் ஒட்டிய மணலைக் கழுவ ஒரு குடம் தண்ணீர். அவள் கண்ட கடல் அவ்வளவுதான்.

மகள் கண்டதும் அவ்வளவுதான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் லீவு நாளெல்லாம் அவள் முன் சீட்டில்தான் வளர்ந்தாள். ஊர்ப்பட்ட பிள்ளைகள் ஓடிப்போய்க் கடலில் விழுந்து, தலையெல்லாம் சொட்டச் சொட்டத் திரும்பி வருவார்கள். இவள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு பார்ப்பாள். எட்டு வயதில் ஒரு நாள், ஒரே ஒரு தடவை இறங்கிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். தனியாகக் கடலுக்கு விட முடியுமா? வண்டியை விட்டுவிட்டுக் கூடத்தான் போக முடியுமா? முடியாது என்று வேன்காரம்மா சொன்னாள். அதற்குப் பிறகு பெண் கேட்கவே இல்லை. அவள் கேட்காமல் விட்டதைப் பெற்றவள் சமர்த்து என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தொன்பது வயதில் மகள் கப்பல் ஏறி அக்கரைப் பட்டணத்துக்கு வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்தவனையே பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு, மறுநாள் போனில் சொன்னாள். வேன்காரம்மா போனை வைத்துவிட்டாள். அப்புறம் ஆறு வருஷம் பேச்சு இருந்தது, ஆனால் வானிலை அறிக்கை போல இருந்தது. அங்கே மழையா, இங்கே வெயில். சாப்பிட்டியா, சாப்பிட்டேன்.

போன மாதம் வந்த போன் வேறு மாதிரி இருந்தது. மகளுக்கு ஐந்து மாதம். பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது, அக்கரையில் மாமியார் வீட்டிலா இங்கேயா என்று இன்னும் முடிவு பண்ணவில்லையாம். அதற்கு முன்னால் மூன்று நாள் லீவில் இரண்டு பேரும் வருகிறார்களாம். அவர் கடலையே சரியாகப் பார்த்ததில்லை, எங்கெங்கே போகலாம் என்று நீயே பார்த்து வை என்றாள் மகள்.

"இங்கேயே வந்துடேன்" என்று சொல்ல வாயெடுத்தாள் தாய். சரி, பார்த்து வைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? வழக்கம்போல டைரியை எடுத்து, மற்ற பயணிகளுக்கு எழுதுவது போலவே எழுதினாள்: இருவர், மூன்று நாள். கடற்கரை சரியாக அமைந்துவிட்டால் மகள் மனசு இளகும், இளகினால் தானாகவே சொல்வாள் என்று அவள் நம்பினாள்.

அதோடு ஆரம்பித்தது பாடு. அடுத்தவர்களுக்கு அரை நிமிஷத்தில் கடற்கரை சொல்லுகிறவளுக்குத் தன் பெண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸ்டாண்டில் போய் யோசனை கேட்டாள். எப்போது பார்த்தாலும் பயணிகளை நேரமாச்சு நேரமாச்சு என்று விரட்டுவதால் அலாரம் என்று பேர் வாங்கின டிரைவர், மாசமாக இருக்கிற பெண்ணைப் படி இறக்காதே என்றான். அதுவரை சரி. அப்புறம் சூரிய அஸ்தமனத்துக்கு மேற்கு முனைதான் என்று ஒருவன் சொல்ல, அங்கே கொசு பிடுங்கி எடுத்துவிடும் என்று இன்னொருவன் சொல்ல, உன் வண்டிக்குள்தான் கொசு என்று அவன் திருப்பிச் சொல்ல, கடைசியில் கடற்கரையை மறந்துவிட்டு ஒருவர் வண்டியை ஒருவர் நாறடித்துக்கொண்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். முதல் நாள் கிழக்கே வெள்ளை மணல் கரை. இரண்டாம் நாள் மேற்கு முனை. மூன்றாம் நாள் தென்னந்தோப்பு.

துறைமுகத்தில் மகளைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மேடு தட்டிய வயிறு, கன்னத்தில் புதுச் சதை. கட்டிக்கொள்ள நினைத்தவள் பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தாள். பழக்கம். பின் கதவைத் திறந்து, ஏறுங்க என்றாள். மகள் ஒரு கணம் முன் சீட்டைப் பார்த்தாள். அப்புறம் பின்னாலேயே ஏறிக்கொண்டாள்.

மருமகன் நல்ல மாதிரி. பேச்சை நிறுத்தத் தெரியாத பிள்ளை. நண்டு ஒன்று பக்கவாட்டில் ஓடியதைப் பார்த்துப் பயந்து ஒரு செருப்பைக் கடலுக்குத் தானம் பண்ணினான். மத்தியானத்துக்குள் மூக்கு தக்காளிப் பழமாகிவிட்டது. நடுநடுவே மேடேறி வந்து, அத்தை நீங்க வரலையா என்று கேட்பான். நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை, வண்டியைப் பார்த்துக்கணும் என்பாள் இவள். அவன் போய்ச் சொல்வதும், கீழே மகள் தலையைத் திருப்பி மேலே பார்ப்பதும் மர நிழலிலிருந்து தெரியும். சாயங்காலம் இரண்டு பேர் காலிலும் தண்ணீர் ஊற்றி, மடித்த துண்டைக் கொடுத்தாள். எப்படி இருந்தது என்று கேட்டாள். நல்லா இருந்தது என்றாள் மகள். அவ்வளவுதான்.

கரை சரியில்லை போலிருக்கிறது என்று வேன்காரம்மா கலங்கினாள். இரண்டாம் நாள் மேற்கு முனையில் அஸ்தமனம் வானமெல்லாம் குங்குமத்தைக் கொட்டியது போல இருந்தது. இதைவிட ஒரு மாலை கிடைக்காது என்று நினைத்து மகள் முகத்தைப் பார்த்தாள். திரும்பும் வழியில் மருமகன் தூங்கிவிட்டான். மகள் சீட்டுப் பையில் இருந்த நோட்டை எடுத்து என்னவோ கிறுக்கிக்கொண்டு வந்தாள். பிரசவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் காலை, அவர்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது, வேன்காரம்மா வண்டியைப் பெருக்கினாள். சீட்டுப் பையில் நோட்டு தலைகீழாகச் செருகியிருந்தது. பயணிகள் போகும்போது இரண்டு வரி எழுதிவிட்டுப் போவதற்காக அவள் வைத்திருக்கும் கருத்து நோட்டு அது. ஆபீஸில் காட்ட வேண்டும். சரியாக வைக்கலாம் என்று எடுத்தபோது கடைசிப் பக்கம் பிரிந்தது. மகளின் கையெழுத்து.

'வண்டி சுத்தம். ஓட்டுநர் அனுபவசாலி. கடற்கரைகள் ரொம்ப அழகு. என் அம்மாவும் கூட வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.'

அவள் வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். துடைப்பம் கையிலேயே இருந்தது. எத்தனையோ பேர் எழுதிய நோட்டு. வண்டியில் ஏசி போதாது என்று எழுதியிருக்கிறார்கள், பாட்டுச் சத்தம் அதிகம் என்று எழுதியிருக்கிறார்கள். இப்படி நெஞ்சில் கத்தியைச் செருகிய மாதிரி யாரும் எழுதியதில்லை. ஆறு வருஷமாகப் பெண் தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே, அவள் கீழே நின்று இரண்டு நாளாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது யாரை? கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மகள் வெளியே வந்தபோது வண்டியின் முன் கதவு திறந்திருந்தது. தாய் நோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்றும் பார்க்கவில்லை.

"இன்னைக்கு எங்க போகலாம்னு நீ சொல்லுடி" என்றாள். "எனக்கு ஒரு கரையும் தெரியாது."

மகள் அவள் கண்ணைப் பார்த்தாள். அழுத கண் என்று தெரிந்தது. அப்புறம் மெதுவாக முன் சீட்டில் ஏறி, வயிற்றுக்கு மேலாகப் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"வடக்கு வளைவு" என்றாள்.

"அங்க ஒரே பிள்ளைங்க கூட்டமா இருக்கும்."

"தெரியும். எத்தனை நாள் கண்ணாடி வழியா எண்ணியிருக்கேன்."

வேன்காரம்மா சாவியைத் திருகினாள். வண்டியை எடுத்தாள். மருமகன் பின்னால் தனியாக உட்கார்ந்துகொண்டான்.

வடக்கு வளைவில் அவள் சொன்னது போலவே கூட்டம். பிள்ளைகளின் கூச்சல் மேலே வரைக்கும் கேட்டது. மகளும் மருமகனும் இறங்கினார்கள். இவளும் இறங்கி, கதவைப் பூட்டி, நாலடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். மறுபடி நாலடி. மறுபடி திரும்பினாள். இருபத்திரண்டு வருஷம் காலைப் பிடித்து இழுத்தது. பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த டிரைவர் அலாரம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். உன் டப்பா வண்டியை எவனும் தூக்கிட்டுப் போகமாட்டான் அக்கா, போனா நான் என் வண்டியைத் தர்றேன், போய்த் தொலை என்றான். சொல்லிவிட்டுத் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் வேன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். நேரமாச்சு என்று அன்றைக்கு அவன் யாரையும் விரட்டவில்லை.

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினாள். சூடு. அப்புறம் ஈரம். அப்புறம் கணுக்காலைச் சுற்றிக் கடல். அலை பின்வாங்கியபோது பாதத்துக்கு அடியிலிருந்து மணல் உருவிக்கொண்டு போனது. பதறிப்போய் மகளின் கையைப் பற்றினாள். கூட்டத்தில் வேனை அரை அங்குலம் இடைவெளியில் நுழைக்கிறவள், மாசமாக இருக்கிற பெண்ணைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள்.

"தரை ஓடுதுடி."

"அப்படித்தாம்மா இருக்கும். முதல் நாள் நானும் பயந்துட்டேன். பிடிச்சுக்க ஆளைத் தேடினேன்."

அது குத்திக்காட்டிய பேச்சுத்தான். ஆனால் சொன்னவள் கையை விடவில்லை. மருமகன் என்ன புரிந்துகொண்டானோ, மணலில் வீடு கட்டும் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து, அவர்கள் சுவரை இடித்து வைத்து வசவு வாங்கிக்கொண்டிருந்தான். தாயும் மகளும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றார்கள். புடவைக் கரை நனைந்து கனத்தது.

"அன்னைக்கு உன்னை இறக்கிவிட்டிருக்கணும்" என்றாள் வேன்காரம்மா. "வண்டி போனா போகட்டும்னு கூட வந்திருக்கணும். எனக்கு அப்ப அது தெரியல."

மகள் கடலைப் பார்த்தாள். அவள் தாடை இறுகி இறுகித் தளர்வதைத் தாய் பார்த்தாள். பரவாயில்லை என்று மகள் சொல்லவில்லை. அவ்வளவு சீக்கிரம் சொல்லக்கூடியதும் அல்ல அது. இனிமேலும் தானாக வரட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை என்று வேன்காரம்மாவுக்குத் தோன்றியது.

"பிரசவத்துக்கு இங்க வாடி. நான் வண்டி ஓட்ட மாட்டேன். கூடவே இருக்கேன்."

"நீ வண்டி ஓட்டலைன்னா என்னை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது? அவரா? நண்டுக்கே செருப்பை விட்டவரு."

சிரித்துக்கொண்டே சொன்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி எவ்வளவு நேரம்மா?"

"பதினேழு நிமிஷம். பாலத்துக்கிட்ட ரோடு மோசம். மெதுவாப் போனா இருபது."

"மெதுவாவே போ. வழி முழுக்கச் சொல்லு, எங்கெங்க குலுக்கும்னு."

வேன்காரம்மா அவள் கையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டு வாசலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு திருப்பமாக, ஒவ்வொரு பள்ளமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மகள் ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.