மேல்பலகையில் வைத்த பொட்டு

ஆண்டிமடத்தில் கிடார் செய்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்றால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர், "யாரு, நம்ம அருள்முருகனா? கதவு செய்யச் சொன்னா மட்டும் மாட்டேம்பாரே!" என்பார்கள். சென்னைப் பட்டறை ஒன்றில் தொழில் கற்று, முந்திரிக்கொல்லை ஓரத்தில் கொட்டகை போட்டுக்கொண்டவர்.

மனிதருக்கு ஸ்ப்ரூஸ் மரம் என்றால் உயிர். குளிர் தேசத்தில் மெல்ல வளர்கிற மரம். வெளுப்பு நிறம், நெருக்கமான ரேகை, எடை கம்மி, விறைப்பு அதிகம். கிடாரின் மேல்பலகைக்கு அதைவிட்டால் வேறில்லை என்பார். இழைக்க இழைக்கத் தட்டிக் கேட்பார். சத்தம் பிடிபட்டதும் இழைப்புளியைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் சீவினால் கம்பி இழுக்கிற இழுப்பில் பலகை குழிந்துபோகும்.

போன வருஷம் அவருடைய ஒரே மகன் பாலாஜி செந்துறை ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். மனைவி மலர்கொடி அன்றைக்கு அழுது ஓய்ந்தவள்தான், அப்புறம் வாயைத் திறக்கவில்லை. சோறு வைப்பாள், கேட்டால் தலையசைப்பாள், பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். டாக்டர், கோயில், மந்திரித்த கயிறு, எதுவும் எடுபடவில்லை. மகனோடு இவளையும் பறிகொடுத்துவிட்டோமோ என்று அருள்முருகன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. அது கழிந்து முதலில் வந்தது ஆயுத பூசை. அருள்முருகன் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினால், பட்டறைக் கதவு திறந்து கிடக்கிறது. உளி, வாள், இழைப்புளி எல்லாவற்றிலும் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். மேசையில் இருந்த மேல்பலகையின் நட்டநடுவிலும் ஒன்று. பெரம்பலூர் பாட்டு டீச்சர் லாவண்யாவுக்காக முந்தின நாள்தான் சத்தம் பிடித்து இழைத்து முடித்த பலகை அது.

அடக் கொடுமையே! எண்ணெய்க் கை பட்டாலே உறிஞ்சிக்கொள்கிற மரம். துடைத்துப் பார்த்தார். சிவப்பு நாருக்குள் இறங்கிவிட்டது. சுரண்டவும் வழியில்லை. திரும்பினால் வாசலில் மலர்கொடி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு.

"ஏங்க, தப்புப் பண்ணிட்டனா?"

அத்தனை மாசம் கழித்து அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தார். ஒரு வருஷமாக ஊரே அவளிடம் அப்படித்தானே பூசி மெழுகிக்கொண்டிருந்தது. அவருக்கே அது சலித்துவிட்டது.

"ஆமா. கெட்டுப்போச்சு. இனிமே இது டீச்சருக்கு ஆவாது."

மலர்கொடியின் முகம் சுருங்கியது. பிறகு சிவந்தது.

"அப்ப சொல்லிட்டுப் போறதுக்கு என்னா? பூசையன்னைக்கு மரத்த மேசையில போட்டுட்டுப் போனா, வூட்டுப் பொம்பள பொட்டு வைக்காம என்னா பண்ணுவா? எடுத்து உள்ள வக்கத் தெரியாது? எல்லாம் ஒங்க மேலதான் தப்பு! அவன் இருந்திருந்தா பத்திரமா எடுத்து வச்சிருப்பான். என் புள்ள எடுத்து வச்சிருப்பான்..."

சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து ஓங்கி அழுதாள். அருள்முருகன் பலகையை அப்படியே போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"திட்டு மலரு," என்றார். "இன்னும் திட்டு."