மிஷினுக்குள் ஒரு லாடம்

என் மேசை மேல் தேய்ந்த லாடம் ஒன்று கிடக்கிறது. வீட்டில் காளை இருந்த காலத்தில் அதன் குளம்பில் அடித்தது. காளை போய்ப் பல வருடம் ஆன பிறகும் அம்மா இதை விடவில்லை. கோழியை அடை வைக்கும்போதெல்லாம் கூடையில் முட்டைகளோடு இதையும் ஒரு கரித்துண்டையும் போட்டு வைப்பாள். இடி இடித்தால் கரு கலங்கி முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பும் கரியும் கிடந்தால் இடி அண்டாது என்பது திருச்சுழிப் பக்கம் யாரும் கேள்வி கேட்காத சங்கதி. நானும் கேட்டதில்லை. இப்போது இதைப் பார்த்தால் மதினி ஞாபகம்தான் வருகிறது.

மதினி என்றால் அண்ணன் மனைவி. கல்யாணமாகி வெகுநாளாகியும் குழந்தை இல்லை. பிள்ளை பெறாதவள் கைபட்டால் முட்டை பொரிக்காது என்று அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அடை வைக்கிற அன்று மட்டும், "ரேசன் கடையில கூட்டமா இருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வா" என்பாள். மதினிக்கும் விஷயம் தெரியும். கடை அடைத்துக் கிடக்கிற நாளில்கூடப் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கலாம் என்ற யோசனை மதினியுடையதுதான். நான் அருப்புக்கோட்டையில் வயரிங் வேலை செய்கிறவன் என்பதால், இன்குபேட்டர் பார்க்க மதுரைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார்கள். கடையில் பீரோ உயரத்துக்கு வரிசையாக நின்றன. கடைசியில் இரண்டில் ஒன்று என்று வந்தது. கரு ஓட்டோடு ஒட்டாமல் இருக்க, ஒன்றில் முட்டைத் தட்டுகளை நாமே கைப்பிடியைப் பிடித்து அவ்வப்போது சாய்த்துவிட வேண்டும். மற்றதில் மோட்டாரே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கும். "கைப்பிடி உள்ளதே போதும் மதினி. மோட்டாரு மக்கர் பண்ணுனா என் உயிரத்தான் எடுப்பீக" என்றேன். அண்ணனும் தலையாட்டினான். மதினி மோட்டார் மிஷினைக் காட்டிக் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதுல முட்டைய அடுக்கிட்டா, நடுவுல யாரும் கை வைக்க வேண்டாமா?"

"வேண்டாம்மா. கதவத் தொறக்காம இருந்தாலே பாதி வெற்றி."

"அப்ப இதுவே இருக்கட்டும்."

திரும்பும்போது காரியாபட்டியில் பஸ் நின்றது. அண்ணன் டீ குடிக்க இறங்கினான். மதினி முன்சீட்டில் இருந்து திரும்பி, "மிசினு யாரு கைன்னு கேக்காதுல்ல, தம்பி?" என்றார். "கரண்டு இருக்கான்னு மட்டுந்தான் கேக்கும்" என்றேன். மதினி வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் கட்டியிருந்தது நீலச் சேலை.

ஐப்பசியில் முதல் லோடு வைத்தோம். நரிக்குடிப் பக்கம் ஊர் ஊராகப் போய் மதினியே முட்டை சேர்த்தார். ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்கினார். பிறகு மிஷினுக்கு முன்னால்தான் குடித்தனம். கண்ணாடி வழியே பார்த்தால் தட்டுகள் சாய்ந்து தெரியும். எப்போது பார்த்தாலும் ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. எங்கள் கரிசல் காட்டில் இடி இல்லாமல் மழை வராது. அந்த வாரம் தினமும் சாயங்காலம் வீடே அதிர இடித்தது.

பொரிக்க வேண்டிய நாளில் சத்தமே இல்லை. நாற்றம்தான் வந்தது. உடைத்துப் பார்த்தால், உருவான குஞ்சுகள் ஓட்டின் ஒரு பக்கத்தோடு ஒட்டிச் செத்திருந்தன. தெருப் பெண்கள் வாசலில் நின்றார்கள். அம்மா அவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "மிசினுக்கே தெரிஞ்சுபோச்சு பாருங்க, யாரு கைன்னு."

அண்ணன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மதினி எல்லாவற்றையும் சட்டியில் அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். மிஷினில் முட்டை அடுக்கிய அதே வாரம் அம்மா அடை வைத்த கோழி, முட்டை ஒன்றுகூடச் சேதமாகாமல் பொரித்து, குஞ்சுகளோடு வந்து அந்தப் புது மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது.

மறுநாள் மதினி காரியாபட்டியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். இங்கிருந்து யாரும் போய்க் கூப்பிடவில்லை. அங்கேயே மஞ்சள் காமாலை கண்டு இறந்துபோனார். நாங்கள் மாலையோடு போனோம். உயிரோடு இருந்தபோது போகாத கால்கள் அன்று மட்டும் வேகமாக நடந்தன.

சமீபத்தில் ஒருவர் மிஷினை விலைக்குக் கேட்டார். ஓடுகிறதா என்று பார்க்கப் பின்பக்கத்தைக் கழற்றினேன். தட்டுகளைச் சாய்க்கிற கம்பிக்கும் மிஷினின் உள்சுவருக்கும் இடையில் ஒரு சின்ன முடிச்சு சிக்கியிருந்தது. அவிழ்த்தால் இந்த லாடம், ஒரு கரித்துண்டு. சுற்றியிருந்தது நீலச் சேலையின் கிழிசல். கை வைக்கவே வேண்டாத மிஷினைத் தேடி வாங்கிய மதினி, இடிக்குப் பயந்து அம்மாவின் கூடையிலிருந்து இதை எடுத்து, யாருக்கும் தெரியாமல் உள்ளே வைத்திருக்கிறார். அது சரிந்து கம்பியில் மாட்டி, தட்டுகள் அசையாமல் போயிருக்கின்றன. மிஷின் யார் கை என்று கேட்கவே இல்லை. தன் கை மேல் மதினிக்கே பயம் வரும்படி செய்தது நாங்கள்தான். இதைக் கேட்க இப்போது அவர் இல்லை.

அம்மாவிடமாவது சொல்லலாம் என்று லாடத்தை எடுத்துப் போனேன். அவளுக்கு இப்போது கண் மங்கல். வாங்கித் தடவிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏய்யா, இது நம்ம லாடம்ல? எங்க கெடந்துச்சு? அந்த ஐப்பசியில இருந்து தேடுறேன். இது இல்லாமயேதான் அம்புட்டு அடையும் வச்சேன். ஒண்ணுகூடக் கெட்டுப்போகல, போ. குடு, நாளைக்கு ஒரு கோழி அடை வைக்கணும்."

நான் அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மேசை மேல்தான் கிடக்கிறது, நீலத் துணியோடு.