தாட்சாயினி பேரில் ஒரு மெசின்

குகதாசனை ஆஸ்பத்திரிக்காரர் பகிடி பண்ணுவார்கள். "உந்த மனிசன் பொம்பிளை பாக்கப் போகேக்கையும் மீற்றரோடதான் போனவர்!" அவன் சிரித்துவிட்டுத் தன்பாட்டில் வேலையைப் பார்ப்பான். மருத்துவ மெசின்களின் உடம்பில் கரண்ட் கசிகிறதா என்று அளப்பதுதான் அவன் வேலை. திடமான ஆளுக்குத் தெரியாத கசிவு, நோயாளிக்கு வினையாகிவிடும். அந்த விஷயத்தில் கடவுளே வந்து கேட்டாலும் விட்டுக்கொடுக்கமாட்டான்.

அவனுடைய ஏழு வயது மகள் தாட்சாயினி மூச்சு இழுப்பு வந்து, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் தாய் ஜெயரூபியின் மடியிலேயே கண்ணை மூடினாள். பெற்ற வயிறு ஆறுமா? ஜெயரூபி சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போய்விடுவாள். லண்டனிலிருந்து அவள் தம்பி, மூச்சுக்கு ஒட்சிசன் கொடுக்கிற மெசின் ஒன்று அனுப்பிய பிறகுதான் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. ஆண்டு நினைவு நாளில், அக்கராயன் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அதைப் பிள்ளையின் பேரில் கொடுத்தே தீருவதென்று நின்றாள்.

அதற்கு முதல்நாள் குகதாசன் அளந்தபோது மெசினில் ஒரு குறையும் இல்லை. நினைவு நாள் காலையில் ஜெயரூபி அதைப் பிள்ளையார் கோயிலில் பூசை செய்வித்து, மாலையும் பொட்டுமாக நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். கையளிக்க முன் இன்னொருக்கால் அளப்பது அவன் வழக்கம். அளந்தான். கசிவு எல்லையைத் தாண்டி நின்றது. ஏர்த் வயரை இறுக்கினான், பிளக்கை மாற்றினான். கேட்டால்தானே! மூடியைக் கழற்றினான். உள்ளே மஞ்சள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஐயர் தெளித்த தண்ணீர் இவ்வளவு வராது. இவள்தான் மனம் பொறுக்காமல் செம்போடு ஊற்றியிருக்கிறாள்.

ஐயோ, இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? மூடியைப் பூட்டி, பாவிக்கக்கூடாது என்ற சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினான்.

"என்னப்பா, நேற்று நல்லாயிருக்கெண்டு சொன்னனீங்கள்?"

"கப்பல்ல வரேக்கை உள்ளுக்கை பழுதாகியிருக்கு. இண்டைக்குக் குடுக்கேலாது, ஜெயரூபி."

அவள் அழவில்லை. மெசினை மெல்லத் தடவினாள்.

"திருத்தி எடுங்கோ. நான்தான் பூசையில ஏதோ குறை விட்டிட்டன். அடுத்தமுறை இன்னும் ரெண்டு செம்பு கூட ஊத்துறன். பிள்ளையை முழுக வாக்கிற மாதிரி, வடிவா வாத்துக் கொண்டாறன்."

பொய்யை இனிக் காப்பாற்ற வழியில்லை. குகதாசன் அவள் கையைப் பிடித்தான்.

"வேண்டாமப்பா. இதுக்குத் தண்ணி படக்கூடாது."

அவள் கை அவன் கைக்குள் அப்படியே விறைத்துப்போனது.